ஒரே ரத்தம், மூணு ரிப்போர்ட்: ஏஎன்ஏ டெஸ்ட்ல எந்த லேப் சொல்றத நம்பறது?

வந்த கடிதம், சுருக்கமா

ஏற்காடு பக்கத்து கிராமம் ஒண்ணுல இருந்து ஒரு சகோதரி நீளமா எழுதிருக்காங்க. பேரு, ஊரு, லேப் பேரு எல்லாம் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சொல்றேன். வயசு 33, காபி எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு பாக்கறாங்க, 6 வயசுல ஒரு பொண்ணு. அஞ்சாறு மாசமா காலைல எந்திரிச்சா கைவிரல் மூட்டெல்லாம் பிடிச்சுக்குது, மடக்கி நீட்டி சரியாக அரை மணி நேரம் ஆகுது. உடம்பு அசதி, சீப்பு வெச்சா கொத்துக் கொத்தா முடி, கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்தல், பன்னு சாப்பிட்டாலும் கூட ஒரு டம்ளர் தண்ணி வேணும்ங்கற அளவுக்கு வாய் காயுது.

பக்கத்து டாக்டர் ஏஎன்ஏன்னு ஒரு ரத்த டெஸ்ட் எழுதிக் குடுத்திருக்கார். சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு லேப்ல நெகட்டிவ். வலி விடலன்னு வேற டாக்டர், வேற லேப், அங்க பாசிட்டிவ், 3.4ன்னு நம்பர் வேற. மூணாவதா வெளியூர் லேப்புக்கு அனுப்பி ஏஎன்ஏ ப்ரொஃபைல், அதுல எஸ்எஸ்-ஏங்கற ஆன்டிபாடி மூணு ப்ளஸ், ரோ-52ங்கறது ரெண்டு ப்ளஸ், மத்தது எல்லாம் நெகட்டிவ். கூடவே எடுத்த டிஎஸ்-டிஎன்ஏங்கற இன்னொரு ஆன்டிபாடி டெஸ்ட் பார்டர்லைன். எட்டாயிரத்துக்கு மேல செலவு. பெங்களூர்ல வேல பாக்கற அண்ணன் நெட்ல படிச்சுட்டு, முதல் லேப் பண்ணுன முறைதான் கோல்டு ஸ்டாண்டர்டு, அதுல நெகட்டிவ்னா ஒண்ணுமில்ல, மத்த ரெண்டு லேப்பும் காசு பிடுங்கிட்டாங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போலாம்ங்கறாராம். இவங்களுக்கோ லூபஸா, அதாவது எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்கற நோயா இருக்குமோன்னு தூக்கமே இல்ல. ரெண்டாவது குழந்தைக்கு யோசிச்சிட்டு இருந்தத நிறுத்தி வெச்சிருக்காங்க. இன்னொரு தடவ, இன்னும் பெரிய லேப்ல எடுத்துடலாமான்னு கேக்கறாங்க.

பதில்

சகோதரி, மூணு லேப்ல யாரும் பொய் சொல்லல. மூணு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, டெஸ்ட் பேருக்குக் கீழ பொடி எழுத்துல மெத்தட்னு ஒரு வரி இருக்கும் பாருங்க. அந்த வரிய யாரும் படிக்கறதில்ல, எல்லாருக்கும் கண்ணு நேரா தடிமனா அடிச்சிருக்கற பாசிட்டிவ், நெகட்டிவ்லதான் போயி நிக்கும். நீங்க அனுப்புன போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்தேன், முதல் ரிப்போர்ட்ல ஐஐஎஃப், ஹெப்-2ன்னு இருக்கு, ரெண்டாவதுல எலைசா, மூணாவதுல இம்யூனோப்ளாட். மேல தலைப்பு ஏஎன்ஏன்னு ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள நடந்தது மூணும் வேற வேற வேல.

ஏஎன்ஏங்கறது நம்ம செல்லுக்குள்ள இருக்கற பொருளுங்க மேலயே நம்ம உடம்பு பண்ணி வெக்கற ஆன்டிபாடி, எதிர்ப்பு புரோட்டீன். ஒரே ஒரு ஆன்டிபாடி கிடையாது, ஒரு பெரிய கும்பலுக்கு வெச்ச பேரு. அந்தக் கும்பல எப்படித் தேடறோம்ங்கறதுலதான் லேப்புக்கு லேப் வித்தியாசம்.

கண்ணால பாக்கற முறை: ஐஐஎஃப்

1948ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல ஹார்கிரேவ்ஸ்ங்கறவரு குழு, லூபஸ் நோயாளிங்ககிட்ட தெரியற எல்.ஈ. செல்ல கண்டுபிடிச்சதுல இருந்து இந்தக் கதை ஆரம்பிக்குது. 1957 வாக்குல ஃப்ளோரசன்ஸ் முறை வந்துச்சு, அப்ப எலி ஈரல், எலி கிட்னிய மெல்லிசா சீவி அதுமேல பாத்தாங்க, அப்பறமா ஹெப்-2ன்னு லேப்ல வளக்கற மனுஷ செல்லுக்கு மாறுனாங்க. இன்னிக்கும் அதான்.

ஒரு கண்ணாடி ஸ்லைடுல குட்டி குட்டி வட்டமா ஹெப்-2 செல்ல ஒட்டி வெச்சிருப்பாங்க. உங்க சீரத்த, அதாவது ரத்தத்துல இருந்து பிரிச்ச தெளிஞ்ச நீர, தண்ணியாக்கி ஒரு சொட்டு விடுவாங்க, அரை மணி நேரம் ஊறவிட்டு கழுவுவாங்க, அப்பறம் பச்சையா ஒளிரற சாயம் ஒட்டுன இன்னொரு ஆன்டிபாடிய விட்டு மறுபடி ஊறவிட்டு கழுவுவாங்க. லைட்ட அணைச்சுட்டு ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்ல கண்ண வெச்சா, ஆன்டிபாடி இருந்தா செல்லோட நியூக்ளியஸ் பச்சை ஆப்பிள் கலர்ல மின்னும், இல்லன்னா மங்கலா ஒரு நிழல். மின்னற விதத்துலயே நிறைய தெரியும். முழுசும் ஒரே சீரா மின்னுனா ஹோமோஜீனியஸ், பொடிப்பொடியா இருந்தா ஸ்பெக்கிள்டு, எண்ணி வெச்ச மாதிரி தனித்தனிப் புள்ளியா தெரிஞ்சா சென்ட்ரோமியர். பிரியற நிலைமைல இருக்கற செல்ல தேடிப் புடிச்சுப் பாப்போம், அங்க குரோமோசோம் மின்னுதா இல்லையாங்கறது பேட்டர்ன் சொல்றதுக்கு ரொம்ப முக்கியம்.

1:80, 1:160ன்னு போடறாங்களே, அது சீரத்த எத்தன மடங்கு தண்ணியாக்குன பிறகும் மின்னுதுங்கறதோட கணக்கு. ஒவ்வொரு படியும் ரெட்டிப்பு. ரெண்டு பேரு ஒரே ஸ்லைட பாத்தா ஒரு படி முன்ன பின்ன வர்றது சகஜம், அதனால 160, 320 ஆயிடுச்சுன்னு பதற ஒண்ணுமில்ல. 1997ல பல நாட்டு லேப்புங்க சேந்து நல்லா இருக்கறவங்க ரத்தத்த இப்படிப் பாத்தப்ப 1:40ல 31.7 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ், 1:80ல 13.3, 1:160ல 5, 1:320ல கூட 3.3. நோயே இல்லாதவங்க இவங்க. தைராய்டு பிரச்சனை இருக்கறவங்க, வயசானவங்க, டிபி மாதிரி நோய்த்தொற்று வந்தவங்க, சில மாத்திரை சாப்பிடறவங்க, இவங்ககிட்ட இன்னும் அதிகம். உங்களுக்கு நெகட்டிவ்தான் வந்திருக்கு, ஆனா இத படிக்கற வேற யாராவது 1:80 ரிப்போர்ட்ட கையில வெச்சுட்டு அழுதுட்டு இருப்பாங்க, அவங்களுக்காக சொன்னேன்.

பேர் கூப்பிட்டு பாக்கற முறை: எலைசா, சிஎல்ஐஏ, ப்ளாட்

எலைசால முழு செல் கிடையாது பெரும்பாலும். பிளாஸ்டிக் தட்டுல 96 குழி, அந்தக் குழி அடியில தேர்ந்தெடுத்த சில ஆன்டிஜென, அதாவது ஆன்டிபாடி போயி ஒட்டற பொருள மட்டும் பூசி வெச்சிருப்பாங்க. சீரத்த விட்டு, என்சைம் விட்டு, கலர் வருதான்னு மெஷின் அளக்கும். 3.4ங்கறது அந்தக் கலரோட விகிதம், கட்-ஆஃப், அதாவது பாசிட்டிவ்னு சொல்ற எல்லைக்கோடு, அந்தக் கிட்டுல 1.0. இந்த 3.4அயும் 1:80அயும் ஒப்பிடவே முடியாது, வேற கம்பெனி கிட்டோட 3.4கூடயும் ஒப்பிட முடியாது. சிஎல்ஐஏவும் இதே குடும்பம்தான், கலருக்குப் பதிலா வெளிச்சத்த அளக்கும், எல்லாம் மெஷினே பண்ணிடும், சீக்கிரம் முடியும், ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல சாம்பிள் வர்ற லேப்புக்கு வசதி. ப்ளாட்ங்கறது விரல் நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை, அதுல ஒவ்வொரு ஆன்டிஜெனும் ஒரு கோடு. எஸ்எஸ்-ஏ, ரோ-52, எஸ்எஸ்-பி, எஸ்எம், எஸ்சிஎல்-70, ஜோ-1, இப்படி வரிசையா. எந்தக் கோடு கருக்குதோ அது பாசிட்டிவ், எவ்வளவு கருக்குதுன்னு ஸ்கேனர் ப்ளஸ் போடும்.

நீங்க எஸ்டேட்ல கணக்கு பாக்கறவங்க, செக்ரோல், அதாவது ஆஜர் புக்க வெச்சு பேர் கூப்பிடறது உங்களுக்குத் தெரிஞ்ச வேல. எலைசாவும் ப்ளாட்டும் செக்ரோல் மாதிரி, அதுல எழுதிருக்கற பேர மட்டும் கூப்பிடும், கூப்பிட்ட ஆளு இருந்தா ஆஜர், பேரே இல்லாத ஆளு எதுக்க நின்னாலும் கணக்குல வரமாட்டான். ஐஐஎஃப் மேட்டுல நின்னு மொத்த காட்டையும் பாக்கற மாதிரி, கூட்டம் இருக்கா, எங்க நிக்குதுன்னு தெரியும், யாரு பேரு என்னன்னு தெரியாது, மரத்துக்குப் பின்னாடி ஒதுங்கி நிக்கற ஒருத்தன் கண்ணுல படாமயும் போவான்.

உங்க எஸ்எஸ்-ஏதான் அந்த ஒதுங்கி நிக்கற ஆளு.

அண்ணன் சொல்ற கோல்டு ஸ்டாண்டர்டு

அண்ணன் படிச்சது தப்பில்ல. 2009ல அமெரிக்க ருமாட்டாலஜி (மூட்டு நோய் மருத்துவம்) காலேஜ், ஏஎன்ஏவுக்கு ஐஐஎஃப்தான் கோல்டு ஸ்டாண்டர்டுன்னு சொல்லிருக்காங்க. காரணம் செல் முழுசா இருக்கறதால நூத்துக்கு மேல ஆன்டிஜென் ஒரே ஸ்லைடுல இருக்கு, எலைசா தட்டுல விட்டுப்போனதும் இங்க மாட்டும். ஆனா கோல்டு ஸ்டாண்டர்டுன்னா எதையும் கோட்ட விடாதுன்னு அர்த்தம் கிடையாது. ரோ-60ன்னு ஒரு புரோட்டீன், ரிப்போர்ட்ல எஸ்எஸ்-ஏன்னு வர்றது பெரும்பாலும் இதுதான், ஹெப்-2 செல்லுல கொஞ்சமாத்தான் இருக்கும், அதுவும் கரையற சாமான், ஸ்லைடு தயார் பண்ணும்போது செல்ல பதப்படுத்தறாங்க பாருங்க, அப்ப பாதி கரைஞ்சு போயிடும் இல்லன்னா உருமாறிப் போயிடும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமா பதப்படுத்தறாங்க, அதனால ஒரு கம்பெனி ஸ்லைடுல மெல்லிசா ஸ்பெக்கிள்டு தெரியற அதே ரத்தம் இன்னொன்னுல சுத்தமா நெகட்டிவ் ஆகும். ஜோ-1, ரைபோசோமல்-பி ரெண்டுக்கும் இதே பிரச்சனை உண்டு, அதுங்க சைட்டோபிளாசத்துல, அதாவது நியூக்ளியஸுக்கு வெளிய இருக்கற பகுதில இருக்கறதால நியூக்ளியஸ மட்டும் பாத்து நெகட்டிவ்னு எழுதிட்டுப் போற லேப்பும் இருக்கு.

அதனால ஐஐஎஃப் நெகட்டிவ், எஸ்எஸ்-ஏ ஸ்ட்ராங் பாசிட்டிவ்ங்கறது எங்க துறைல ரொம்பத் தெரிஞ்ச ஜோடி. எலைசாலயும் வந்து, ப்ளாட்லயும் அதுவே மூணு ப்ளஸ் வந்து, கூட ரோ-52ம் வந்து, அதுக்கு மேல கண்ணும் வாயும் காயுதுன்னு நீங்களே சொல்லும்போது, இது நிஜமான பாசிட்டிவ்னு எடுத்துக்கறேன். தனியா ஒரு கோடு லேசா கருத்து ஒரு ப்ளஸ் மட்டும் வந்திருந்தா நான் இவ்வளவு உறுதியா பேசமாட்டேன், ப்ளாட்ல அந்த மாதிரி ஒத்த ப்ளஸ் நிறைய வரும், அறிகுறியோட ஒத்துப் போகலன்னா விட்டுடலாம். மூணு ப்ளஸ்னா நோய் மூணு மடங்குன்னும் நெனச்சுக்காதீங்க, கோடு எவ்வளவு கருப்புங்கறது மட்டும்தான் அது.

கோர்ட்டு விஷயம். முதல் லேப் அவங்க முறைல செஞ்சத சரியாத்தான் செஞ்சிருக்காங்க, ரெண்டாவது மூணாவதும் அப்படித்தான். கேஸ் நிக்காது, அலைச்சல்தான் மிச்சம். உங்களுக்கு உரிமைன்னு ஒண்ணு இருக்கு, அத கேளுங்க. எந்த முறை, எத்தன மடங்கு தண்ணியாக்கி (டைலூஷன்) ஆரம்பிச்சாங்க, கட்-ஆஃப் எவ்வளவு, இது மூணும் ரிப்போர்ட்ல இருக்கணும். இல்லன்னா எழுதித் தரச் சொல்லலாம், சைட்டோபிளாசத்துல ஏதாவது மின்னுச்சான்னும் கேக்கலாம். லேப் தரத்த சோதிச்சுக் குடுக்கற என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கற லேப்பா, இந்தக் குறிப்பிட்ட டெஸ்ட் அந்த அங்கீகாரத்துக்குள்ள வருதான்னு கேக்கறதும் தப்பில்ல. போர்டுல என்ஏபிஎல்னு போட்டிருந்தா எல்லா டெஸ்ட்டுக்கும் சேத்துன்னு அர்த்தம் இல்ல.

மலைல எடுத்த ரத்தம் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போறதுக்குள்ள கெட்டுப் போயிருக்குமான்னு கேட்டிருந்தீங்க. ஆன்டிபாடி அவ்வளவு சீக்கிரம் சாகாது, ஃப்ரிட்ஜ் சூட்டுல நாலஞ்சு நாள் கூட தாங்கும். பொட்டாசியம், சர்க்கரை மாதிரி டெஸ்ட்டுக்குன்னா நீங்க பயப்படறது நியாயம். வெறும் வயித்துல குடுக்கணும்ங்கற அவசியமும் இதுக்கு இல்ல.

டிஎஸ்-டிஎன்ஏ பார்டர்லைன், அப்ப லூபஸா?

உங்க தூக்கத்தக் கெடுத்தது இந்த வரிதான்னு கடிதத்துலயே தெரியுது. டிஎஸ்-டிஎன்ஏ லூபஸுக்கு நெருக்கமான டெஸ்ட்டுங்கறது உண்மை. ஆனா இங்கயும் முறைய பாக்கணும். எலைசால பண்ணுனா லேசா ஒட்டற, பலமில்லாத ஆன்டிபாடியும் சேந்து மாட்டும், அதனால பார்டர்லைன் நிறைய வரும், அதுல கணிசமானது ஒண்ணுமில்லாததுதான்.

அத உறுதி பண்ண க்ரித்திடியா டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. க்ரித்திடியா லூசிலியேன்னு ஈ குடல்ல வாழற ஒரு செல் உயிரி, அதுக்கு வால் முளைக்கற எடத்துக்குப் பக்கத்துல கைனிட்டோபிளாஸ்ட்னு ஒரு குட்டிப் பொட்டலம், உள்ள பூரா சுத்தமான டிஎன்ஏ. ஸ்லைடுல அந்தப் பொட்டலம் மின்னுனாத்தான் பாசிட்டிவ், நியூக்ளியஸ் மட்டும் மின்னுனா கணக்குல எடுக்கமாட்டோம். எலைசா அளவுக்கு எல்லாத்தையும் புடிக்காது, ஆனா பாசிட்டிவ்னு சொன்னா நம்பலாம். ஃபார் டெஸ்ட்னு ரேடியோ ஆக்டிவ் வெச்சுப் பண்றது ஒண்ணு இருந்துச்சு, ரொம்ப நல்ல டெஸ்ட், ரேடியோ ஆக்டிவ் சமாச்சாரம்ங்கறதால இப்ப பெரும்பாலான எடத்துல விட்டுட்டாங்க. நீங்க க்ரித்திடியாவுக்கு மட்டும் ஒரு தடவ குடுங்க. சேலத்துல குடுத்தாலும் நிறைய லேப் வெளியூருக்குத்தான் அனுப்புவாங்க, சில நாள் ஆகும், பரவால்ல.

இப்ப அண்ணன் பக்கம் கொஞ்சம் பேசறேன். அவரு நம்பற அந்த ஐஐஎஃப் நெகட்டிவ் வீண் கிடையாது. லூபஸ் இருக்கறவங்கள்ல 100க்கு 97, 98 பேருக்கு 1:80லயே ஐஐஎஃப் பாசிட்டிவ் வந்துடும். உங்களுக்கு 1:80ல வரலங்கறது லூபஸ் பக்கம் போற வாய்ப்ப நல்லாவே குறைக்குது, தோல் இறுகிப் போற ஸ்க்ளீரோடெர்மா நோயோட சென்ட்ரோமியர் புள்ளி இருந்திருந்தா ஐஐஎஃப்ல தப்பிக்கவே தப்பிக்காது, அதுவும் இல்ல. 2019ல ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேந்து போட்ட லூபஸ் அளவுகோல்ல 1:80 ஏஎன்ஏ இல்லன்னா அதுக்கு சமமான வேற பாசிட்டிவ் டெஸ்ட்னு நுழைவு வாசல் வெச்சிருக்காங்க, அதுக்கப்பறம் மூட்டு வீக்கம், யூரின்ல புரோட்டீன், ரத்த அணு கொறையறது எல்லாத்துக்கும் மார்க் போட்டு 10 வரணும். வாசல்ல நிக்கறது வேற, 10 மார்க் வாங்கறது வேற. அதுவுமே ஆராய்ச்சிக்கு ஆள் பிரிக்கறதுக்காக போட்டதுதான்.

எனக்கு உங்க கடிதத்துல லூபஸ விட ஸ்யோக்ரென்தான் அதிகமா தெரியுது. கண்ணீர் சுரப்பி, எச்சில் சுரப்பி மேல உடம்பே திரும்பற நோய். கண்ணு உறுத்தல், பன்னுக்குத் தண்ணி, விரல் மூட்டு, அசதி, எஸ்எஸ்-ஏ, எல்லாம் ஒரே பக்கமா கை காட்டுது. கடிதத்த வெச்சு நோய் பேர் எழுதறது சரியில்ல, அதனால தெரியுதுன்னு மட்டும் சொல்றேன். இத உறுதி பண்ண இன்னொரு ஏஎன்ஏ தேவையில்ல. கண் டாக்டர்கிட்ட ஷிர்மர் டெஸ்ட் கேளுங்க, கீழ் இமைல ஒரு சின்ன பேப்பர் துண்ட மாட்டி அஞ்சு நிமிஷம் விடுவாங்க, 5 மில்லிமீட்டர் இல்லன்னா அதுக்குக் கீழ நனைஞ்சா வறட்சி உறுதி. சில பேருக்கு உதட்டு உள்பக்கத்துல இருந்து அரிசி அளவு சதை எடுத்துப் பாக்க வேண்டி வரும். எஸ்எஸ்-ஏ ஏற்கனவே பாசிட்டிவ்ங்கறதால உங்களுக்கு அது தேவைப்படாமயே போகலாம்.

போறபோக்குல எழுதுன ரெண்டு விஷயம்

கடிதத்தோட கடைசிப் பக்கத்துல, மார்கழில பைப் தண்ணில பாத்திரம் கழுவுனா விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்து அப்பறம் நீலமாகுது, மலைக்காரங்களுக்கு சகஜம்தானேன்னு ஒரு வரி. சகஜம் இல்லைங்க. குளிர்ல விரல் ரத்தக்குழாய் சுருங்கிக்கற இதுக்கு ரெனாட்ஸ்னு பேரு. டாக்டர்கிட்ட முதல்ல சொல்ல வேண்டிய விஷயமே அது. அடுத்த தடவ வெளுக்கும்போது போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க, ரூமுக்குள்ள வந்து உக்காந்தா விரல் சிவந்து நார்மலாயிடும், டாக்டருக்குப் பாக்கக் கெடைக்காது. நகக்கண்ணுல இருக்கற ரத்தக்குழாய லென்ஸ் வெச்சுப் பாப்பாங்க, நெய்ல் பாலிஷ் போட்டுட்டுப் போகாதீங்க.

இன்னொன்னு அந்த மாத்திரை. மெடிக்கல்ல குடுத்த சின்ன வெள்ள மாத்திரை, போட்டா ஒரே நாள்ல வலி பறந்துடுது, பசியும் நல்லா எடுக்குதுன்னு எழுதிருக்கீங்க. ஸ்டீராய்டா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். விட்டு விட்டுப் போட்டதால ஏஎன்ஏ ரிசல்ட் மாறிருக்காது. ஆனா மூட்டு வீக்கத்த மறைச்சுடும், டாக்டர் அழுத்திப் பாக்கறப்ப ஒண்ணும் தெரியாது. அட்டைய தூக்கிப் போடாம கொண்டு போங்க. தெனமும் மூணு வாரத்துக்கு மேல போட்டிருந்தா நீங்களா டக்குனு நிறுத்தாதீங்க, படிப்படியாத்தான் கொறைக்கணும். அதேமாதிரி பக்கத்து வீட்டு லூபஸ் அக்கா சாப்பிடற ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் வேண்டாம். உங்களுக்கும் அதே மருந்து எழுத வாய்ப்பு இருக்கு, ஆனா எடைய பாத்து அளவு போடணும், ஆரம்பத்துலயே கண்ணு பரிசோதனை பண்ணணும்.

ரெண்டாவது குழந்தை

எஸ்எஸ்-ஏ நிஜமா பொய்யான்னு நான் இவ்வளவு நேரம் மல்லுக்கட்டுனதே இதுக்காகத்தான். இந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போகும். எஸ்எஸ்-ஏ இருக்கற அம்மாக்கள்ல 100ல ஒண்ணு ரெண்டு குழந்தைக்கு இதயத் துடிப்போட கரண்ட் பாதை அடைபடும், ஹார்ட் பிளாக்னு சொல்லுவாங்க. 98, 99 குழந்தைக்கு அது வராது. உங்க முதல் பொண்ணு நல்லா இருக்காங்கறதும் தைரியம் குடுக்கற விஷயம். வயித்துல இருக்கும்போது 16வது வாரத்துல இருந்து 26வது வாரம் வரைக்கும்தான் முக்கியமான காலம், அந்த சமயத்துல குழந்தையோட இதயத்த எக்கோ பண்ணி கண்காணிப்பாங்க. கர்ப்பத்துல ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடலாம், பாதுகாப்பான மருந்துதான், முன்னாடி ஒரு குழந்தைக்கு ஹார்ட் பிளாக் வந்த அம்மாக்களுக்கு மறுபடி வர்ற வாய்ப்ப அது கொறைக்குதுன்னு 2020ல ஆய்வு வந்திருக்கு. மெத்தோட்ரெக்சேட் மட்டும் கர்ப்பத்துக்கு ஆகவே ஆகாது, யாராவது மூட்டுக்கு எழுதுனா குழந்தைக்கு யோசிக்கறோம்னு வாய்விட்டு சொல்லணும், நீங்க சொல்லலன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்.

அண்ணன் பேச்சக் கேட்டு முதல் ரிப்போர்ட்ட நம்பி இருந்தீங்கன்னா இந்த எக்கோவ பத்தி யாரும் யோசிச்சிருக்கவே மாட்டாங்க. குழந்தை வேண்டாம்னு நான் சொல்லல. நோய் அடங்கி ஆறு மாசம் அமைதியா இருந்த பிறகு, ருமாட்டாலஜி டாக்டரும் மகப்பேறு டாக்டரும் சேந்து பாத்துக்கற மாதிரி திட்டம் போட்டுட்டு ஆரம்பிங்கன்னு சொல்றேன்.

இனி காசு எதுக்கு செலவு பண்ணலாம்

நாலாவது ஏஎன்ஏ வேண்டாம். ஏஎன்ஏ கூடுதா கொறையுதான்னு மாசாமாசம் பாக்கறதுக்கும் அர்த்தம் இல்ல, நோய் அடங்குனாலும் அது பாட்டுக்கு பாசிட்டிவ்வாவே இருக்கும். அந்தக் காசுல முதல்ல யூரின் டெஸ்ட் எடுங்க, புரோட்டீன் கிரியாட்டினின் விகிதத்தோட. இவ்வளவு பெரிய ரிப்போர்ட் கட்டுல ஒரு யூரின் ரிப்போர்ட் கூட இல்ல, எனக்கு அதுதான் வருத்தம், ஏன்னா நோய் கிட்னிய தொட்டுச்சுன்னா வலி இருக்காது, சத்தமில்லாம போகும். கூடவே ரத்த அணு எண்ணிக்கை, கிரியாட்டினின், இஎஸ்ஆர், சி3, சி4, டிஎஸ்ஹெச். மூட்டுக்கு ஆர்எஃப்பும் ஆன்டி-சிசிபியும். ஆர்எஃப் பாசிட்டிவ் வந்தா உடனே முடக்குவாதம்னு முடிவு கட்டிடாதீங்க, ஸ்யோக்ரென்லயும் ஆர்எஃப் நிறைய பேருக்கு வரும், சிசிபிதான் பிரிச்சுக் காட்டும்.

குழந்தை திட்டம் இருக்கறதால, ரத்தம் கட்டறதுக்கும் கரு கலையறதுக்கும் காரணமாகக்கூடிய ஆன்டிபாடிகளத் தேடற ஆன்டிபாஸ்போலிப்பிட் டெஸ்ட் மூணும் வேணும். அதுல லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட்ங்கறது ரத்தம் உறையற நேரத்த அளக்கற டெஸ்ட், பேருல லூபஸ் இருக்கேன்னு பயந்துக்காதீங்க. நீல மூடி ட்யூப்ல எடுத்து சீக்கிரமே ரெண்டு தடவ சுத்திப் பிரிக்கணும், அதனால இத மட்டும் மலைல குடுக்காதீங்க, சேலத்துல லேப்புக்கே நேர்ல போயி குடுங்க. பாசிட்டிவ் வந்தா 12 வாரம் கழிச்சு மறுபடி எடுத்துத்தான் உறுதி பண்ணணும்.

கையில காசு தீந்துடுச்சுன்னு எழுதிருக்கீங்க. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மெடிசின் ஓபிக்குப் போங்க, யூரின், ரத்த அணு மாதிரி அடிப்படை டெஸ்ட்ட அங்கேயே முடிச்சுக்கலாம், ருமாட்டாலஜிக்கு எங்க போறதுன்னு அவங்களே எழுதிக் குடுப்பாங்க. மூணு ரிப்போர்ட்டையும் கொண்டு போங்க, அந்த நெகட்டிவ் ரிப்போர்ட்டையும் சேத்து, அதுவும் ஒரு தகவல்தான்.

இதுக்கு நடுவுல யூரின் நொரைச்சுட்டுப் போனாலோ, காலு முகம் வீங்குனாலோ, மூச்சு வாங்குனாலோ, நெஞ்சு வலிச்சாலோ, அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. யூரின் டெஸ்ட்டுக்கு காலைல முதல்ல போறத சுத்தமான டப்பால புடிங்க, மாதவிடாய் சமயத்துல வேண்டாம், புரோட்டீன் தப்பா காட்டும்.